செஞ்சியின் பாட்டும் சாமுவேலின் கணக்கும்

செஞ்சிக்கு விருந்தினர் எவரேனும் வந்தால் ராஜகிரிக் கோட்டைக்கு அழைத்துச் செல்வது எங்கள் வழக்கம். மலையேற இயலாத முதியோரைச் செட்டிக்குளத்தின் கரைக்கு அழைத்துச் செல்வேன். தேசிங்குராசனின் உடல் எரியூட்டப்பட்டதும், அவன் இளம் மனைவி உடன்கட்டை ஏறியதும் இங்கேதான் என்று ஒரு மேடையை அங்கே காட்டுவர். சென்ற ஆண்டு இறையியல் மாணவர் சிலர் களப்பணிக்காக எங்கள் குருசேகரத்திற்கு வந்திருந்தனர். அம்மேடையருகே நின்ற ஓர் இளைஞர், "ஐயா, பத்து மாதம்கூட நிலையாக ஆளாத ஒருவனை முந்நூறு ஆண்டுகளாக இவ்வூர் ஏன் மறக்கவில்லை?" என்று வினவினார். அழகாகச் செத்தவனை நம் மக்கள் மறப்பதில்லை என்று ஏதோ கூறி வைத்தேன். அவ்விடை எனக்கே நிறைவு தரவில்லை. அதனைத் திருத்த முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை. தேசிங்கில் தொடங்கினாலும், தமிழகத்துக் கட்சி அரசியலின் வரலாற்றை நாம் எவ்வகையில் சொல்லி வருகிறோம், எதனைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதே இதன் பொருள்.

முதலில் வரலாறு. செஞ்சியின் வரலாற்றைச் சான்றுகளோடு ஆராய்ந்து எழுதியவர் சி. எஸ். சீனிவாசாச்சாரி, அவர் நூல் 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளிவந்தது. கோன்மார், நாயக்கர், பீசப்பூர்ச் சுல்தான்கள், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைமாறிய கோட்டை இது. 1677இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். அவர் மகன் இராஜாராம் பல்லாண்டு முற்றுகையை இதனுள் இருந்தே தாங்கினார். 1698இல் கோட்டை மொகலாயர் வசமாயிற்று. பின்னர் ஒளரங்கசீப்பின் ஆணையால் பண்டேல இராசபுத்திரரான சொரூப்சிங் கோட்டைத் தலைவரானார். அவர் மகன் தேஜ்சிங்கே நம் தேசிங்கு. தந்தை ஆற்காட்டு நவாபுக்குச் செலுத்தாது விட்ட வரிப்பாக்கி மகன் தலையில் விழுந்தது. மகன் கொடுக்க மறுத்தான். நவாபு சாதத்துல்லாகானின் பெரும் படையைச் சில நூறு குதிரைவீரரோடு எதிர்த்து, 1714ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் களத்தில் மாண்டான். அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு என்பர். அவன் உயிர்த்தோழனான இசுலாமிய வீரன் மகபத்கானும் அதே போரில் மாண்டான்.

வரிப்பாக்கி பற்றிய ஒரு வழக்கு, ஒரு போர், ஓர் இளைஞனின் சாவு. ஏடுகள் தருவது இவ்வளவே. மக்களின் நாவிலோ இது தேசிங்குராசன் கதையாயிற்று, 'பெரிய எழுத்து' நூலாகச் சந்தைதோறும் விற்கப்பட்டது, தெருக்கூத்திலும் ஏறியது. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, மகாராட்டிர மாநிலத்திற்கு வெளியே இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. உலகப் பட்டியலில் மராட்டியர் கோட்டை. எங்கள் கடைத்தெருவிலோ இன்றும் தேசிங்கு கோட்டை. வடபுலத்திலிருந்து வந்து, ஈராட்டைத் தலைமுறையும் நிலைக்காத ஒரு குடும்பத்தவனைத் தமிழ்ப் பாமரர் தம்மவனாக ஏற்றுக்கொண்டது எண்ணிப் பார்க்கத்தக்கது. தலைவன் எங்கே பிறந்தான் என்று பாட்டு கேட்பதில்லை. எவ்வாறு இறந்தான் என்றே கேட்கிறது. கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். முதலமைச்சரானதைக் கண்டு வியந்த எழுத்தாளர் பலர் செஞ்சிக்கு ஒருமுறை வந்திருந்தால் அத்துணை வியந்திரார்.

இனி அப்பாட்டைத் திறனாய்வோர் கண்கொண்டு நோக்குவோம். அதில் அரசன் உண்டு, தோழன் உண்டு, மணப்பந்தலை விட்டுப் போர்க்களம் ஓடும் நட்பு உண்டு, குதிரை உண்டு, மனைவியின் கண்ணீர் உண்டு. யார் இல்லை என்று பாருங்கள். வரி கட்டிய குடியானவன் இல்லை. நவாபுக்குச் செலுத்தப்படாத அப்பணம் யாரிடமிருந்து தண்டப்பட்டது, தண்டப்பட்ட பின் எங்கே போயிற்று என்னும் கேள்வி பாட்டில் எழவே இல்லை. படைகள் வந்துபோன வயல்களின் கதி என்ன என்பதும் இல்லை. நிலத்தில் குனிந்து வேலை செய்த பண்ணையாளின் நிழல்கூட அதில் விழவில்லை. எங்கள் சபையாரில் பெரும்பாலோர் அப்பண்ணையாட்களின் வழிவந்தவர்கள் என்பதனால் இந்த வெறுமை எனக்கு மிகுதியாக உறுத்துகிறது என்பதை மறைக்கவில்லை.

ஆயினும் பாட்டுக்கு நாம் நியாயம் செய்தல் வேண்டும். செஞ்சிக்கு அருகே சிங்கவரம் குன்றில் பள்ளிகொண்ட அரங்கநாதர் கோயில் உண்டு. போருக்குப் புறப்படும்முன் தேசிங்கு அங்கே விடைபெறச் சென்றான் என்றும், போக வேண்டாமெனத் தடுத்த தெய்வத்தின் சொல்லை அவன் கேளாமற்போகவே தெய்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்றும் கதை கூறும். திரும்பிய முகத்தை இன்றும் அங்கே காட்டுவர். பாட்டு முழுவதிலும் தலைவனைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லும் இடம் இது ஒன்றே. அரசன் பிழை செய்யக்கூடும். அவன் வீரம் அப்பிழையை நீக்கிவிடாது என்று பாமரக் கவிஞன் அறிந்திருந்தான். ஓரிடத்திலேனும் அவன் அதனைச் சொன்னான்.

இறையியல் மாணவருக்கு இங்கே 2 சாமுவேல் முதலாம் அதிகாரம் நினைவுக்கு வந்திருக்கும். கில்போவா மலையில் மாண்ட சவுலையும் யோனத்தானையும் குறித்துத் தாவீது பாடிய புலம்பல், வில்லின் பாட்டு என்று வழங்குவது. யாசேரின் புத்தகத்தில் அது எழுதப்பட்டிருந்ததென்று வேதமே கூறுகிறது. ஆகவே வரலாற்றாசிரியர் அதனை முன்னிருந்த பாடல் தொகுப்பொன்றிலிருந்து எடுத்துச் சேர்த்தார் என்பது தெளிவு. அப்புலம்பலில் சவுலைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் இல்லை. தாவீதைக் கொல்ல அவன் ஈட்டி எறிந்தது இல்லை. நோபு பட்டணத்து ஆசாரியர் எண்பத்தைந்து பேரைத் தோவேக்கின் கையால் அவன் வெட்டுவித்தது இல்லை. அதிலும் வீரரும் நட்பும் கண்ணீருமே உள்ளன. இலக்கிய வகையால் அது தேசிங்கின் பாட்டுக்கு உடன்பிறப்பு. இரங்கற்பாடல் அவ்வாறே இருக்கும். பிணத்தின் முன்னே கணக்கு வாசிப்பவன் மனிதனல்லன்.

வேறுபாடு பாட்டில் இல்லை. பாட்டைச் சூழ்ந்துள்ள உரைநடையில் உள்ளது. அப்புலம்பல் தனித்து நம் கைக்கு வரவில்லை. அதற்கு முன்னே 1 சாமுவேல் 8ஆம் அதிகாரம் நிற்கிறது. அரசன் மக்களின் புதல்வரையும் வயல்களையும் தானியத்தில் பத்தில் ஒன்றையும் எடுத்துக்கொள்வான் என்று அங்கே கணக்கு முன்கூட்டியே படிக்கப்படுகிறது. 12ஆம் அதிகாரத்தில் பதவி விட்டு நீங்கும் சாமுவேல், தான் எவருடைய எருதையேனும் கழுதையையேனும் எடுத்ததுண்டா என்று மக்களிடமே சான்று கேட்கிறான். புலம்பலுக்கு நெடுநாளின் பின்னே, 2 சாமுவேல் 21இல், சவுல் கிபியோனியருக்குச் செய்த கொலைப்பழி மூன்றாண்டுப் பஞ்சமாக வந்து கதவைத் தட்டுகிறது. அவன் வழித்தோன்றல் எழுவர் தூக்கப்படுகின்றனர். ரிஸ்பாள் என்னும் தாய் அறுப்புத் தொடங்கி மழை பெய்யுமட்டும் அவ்வுடல்களைப் பறவைக்கும் விலங்குக்கும் விடாமல் காத்துக் கிடக்கிறாள். உபாகம மரபைச் சார்ந்த வரலாற்றாசிரியர் புலம்பலையும் நீக்கவில்லை, பழியையும் மறைக்கவில்லை. தன் இனத்தின் மிகச் சிறந்த அரசனின் மிக இழிந்த செயலையும், அதனை அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்த நாத்தானையும் சேர்த்தே எழுதி வைத்தார்.

தமிழகத்துக் கட்சிகளின் வரலாற்றில் நமக்கு வில்லின் பாட்டுகள் ஏராளம். சாமுவேலின் புத்தகங்கள் எத்தனை?

1949ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் சென்னை இராயபுரத்து ராபின்சன் பூங்காவில் தி.மு.க. தோன்றியது முதற்கொண்டு நம் கட்சிகள் பேசியும் எழுதியும் குவித்தவை கொஞ்சமல்ல. ஆனால் வகைபிரித்து நோக்கின் அவற்றில் பெரும்பகுதி இரண்டே வகையுள் அடங்கும். ஒன்று புகழ்ப்பாடல், அதன் கனிந்த வடிவம் இரங்கல்; மற்றொன்று வசை. வடிவத் திறனாய்வு பயின்றோர் ஒவ்வொரு வகைக்கும் அதன் வாழ்க்கைச் சூழல் எதுவெனக் கேட்பர். புகழ்ப்பாடலின் சூழல் பிறந்தநாள் விழாவும் நினைவு நாளும். வசையின் சூழல் இடைத்தேர்தல். கணக்கு வாசிப்பதற்குரிய சூழல் நம்மிடையே அமையவே இல்லை. தி.மு.க.வின் தொடக்க வரலாற்றை டி. எம். பார்த்தசாரதி எழுதினார், செய்திகள் நிறைந்த நூல்தான், எனினும் உள்ளிருந்து எழுதிய தொண்டரின் நூல். கலைஞர் மு. கருணாநிதியின் 'நெஞ்சுக்கு நீதி' ஆறு பாகங்களாக விரிந்தது. நாள், இடம், பேச்சு, தீர்மானம் ஆகியவற்றுக்கு அது ஒரு களஞ்சியம். ஆனால் அதன் தலைப்பு கூறும் நீதிமன்றத்தில் எழுதியவரே வழக்கறிஞராகவும் சான்றாகவும் நிற்கிறார், எதிர்த்தரப்பு அழைக்கப்படவில்லை. கண்ணதாசனின் 'வனவாசம்' இதற்கு நேர்மாறான மனநிலையில் பிறந்தது. தன் இழிவுகளைத் தானே வெளியிடும் துணிவு அதில் உண்டு. அவ்வகையில் அகஸ்தீனின் பாவ அறிக்கையை அறிந்த நம்மவர்க்கு அது அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய கையோடு பழைய நண்பர் அனைவரையும் இழுத்துவந்து நிறுத்தி விடுகிறார். மனந்திரும்புதலும் பழிதீர்த்தலும் ஒரே பேனாவில் ஓடுகின்றன.

செஞ்சியோடு கண்ணதாசனுக்கு ஒரு தொடர்பு உண்டு. 1960இல் வெளிவந்த 'ராஜா தேசிங்கு' திரைப்படத்திற்கு வசனம் எழுதியவர்களுள் அவரும் ஒருவர், எம்.ஜி.ஆர். அதில் இரட்டை வேடம் பூண்டார். அடுத்த ஆண்டே ஈ.வெ.கி. சம்பத்தோடு கண்ணதாசன் கட்சியை விட்டு வெளியேறினார். வெள்ளித்திரைக்குத் தலைவனின் வீர வசனத்தை எழுதியவரே சின்னாள் கழித்துத் தலைவர்களைக் குறித்த கசப்பையும் எழுதினார். இரண்டுக்கும் இடைப்பட்ட நடுநிலை உரைநடை ஒன்று அவர்க்குக் கிட்டவில்லை. அவர்க்கு மட்டுமன்று, எவர்க்கும்.

இவ்விடத்தில் ஆய்வாளர் சிலரின் கருத்தொன்றோடு நான் மாறுபட வேண்டியுள்ளது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில், நாட்டார் கதைப்பாடல்களின் வீரர்களைத் திரையில் வாழ்வித்து அவர்களின் சாயலைத் தன்மீது ஏற்றிக்கொண்டதால் எம்.ஜி.ஆர். ஏழை மக்களைப் பிணித்தார் என்று வாதிட்டார். கூர்மையான நூல், மாணவர் படித்தே ஆக வேண்டியது. ஆனால் அவ்வாதம் முழுதும் மெய்யாயின், தேசிங்காக நடித்தவரை முதன்முதலில் தேசிங்கின் ஊரே அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். நடந்தது என்ன? எம்.ஜி.ஆர். மாநிலத்தையே வென்ற 1977, 1980 ஆகிய இரு தேர்தல்களிலும் செஞ்சித் தொகுதி தி.மு.க.வின் ந. இராமச்சந்திரனையே சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1989இலும் அவரையே அனுப்பியது. செஞ்சி இராமச்சந்திரன் என்றே நாடு அவரை அறிந்தது. பண்ருட்டியார், திண்டிவனத்தார் என்று எங்கள் பக்கத்துத் தலைவர்க்கெல்லாம் ஊர்ப்பெயரே முன்னடை. பாளையக்காரர் காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. அது நிற்க. பாட்டைக் கேட்டு அழுத மக்கள் வாக்குச் சாவடியில் வேறு கணக்குப் போட்டனர் என்பதே நாம் காண வேண்டியது. எந்தச் சாதி எந்த அணியில், எந்த வேட்பாளர் எந்த ஏரிக்கு மதகு கட்டித் தந்தார், எவர் காவல் நிலையத்துக்கு உடன் வந்தார் என்பவையெல்லாம் அக்கணக்கில் உண்டு. மக்களிடம் கணக்கு உண்டு. எழுதப்பட்ட வரலாற்றில்தான் இல்லை. ஆகையால் பாமரரின் மயக்கத்தைக் குறைகூறுவதை விடுத்து, படித்தோரின் சோம்பலைக் குறைகூறுவதே நேர்மை.

எங்கள் தென்னார்க்காட்டையே எடுத்துக்கொள்வோம். 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. எஸ்.எஸ். இராமசாமிப் படையாட்சியார் தலைமையில் தென்னார்க்காட்டில் வேரூன்றிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களை வென்றது. வடார்க்காட்டில் மா.அ. மாணிக்கவேலு நாயகரின் பொதுநலக் கட்சி 6 இடங்களை வென்றது. வன்னிய உழவர்க்கு அரசியலில் உரிய பங்கு கிடைக்கவில்லை என்னும் மனக்குறையே இரண்டுக்கும் பிறப்பிடம், அக்குறை பொய்யன்று. பெரும்பான்மையற்ற இராஜாஜி அமைச்சரவை அமைத்தபோது மாணிக்கவேலு நாயகர் அதில் இடம்பெற்றார். 1954இல் காமராசர் முதலமைச்சரானபோது படையாட்சியாரும் அமைச்சரானார். உழைப்பாளர் கட்சி கலைக்கப்பட்டது. அதற்கு வாக்களித்த உழவனுக்கு ஓர் அமைச்சர் கிடைத்தார், கட்சி போயிற்று. இந்தப் பண்டமாற்றை நன்றென்பதா தீதென்பதா? இரண்டுக்கும் சான்று உண்டு. உள்ளே சென்றதால் அதிகாரத்தின் கதவு ஒரு பெரிய சமூகத்திற்கு முதன்முறையாகத் திறந்தது. வெளியே நின்று கேட்கும் குரல் அதனோடு ஓய்ந்ததால், அதே கோரிக்கை ஒரு தலைமுறைக்குப் பின் வீதிக்கு வந்தது. படையாட்சியார் பிற்காலத்தில் 1980, 1984 தேர்தல்களில் காங்கிரசின் சார்பில் திண்டிவனம் நாடாளுமன்ற உறுப்பினரானார். செஞ்சியும் அன்று அத்தொகுதியைச் சேர்ந்ததே.

அதே உழைப்பாளர் கட்சியிலிருந்து சட்டமன்றம் சென்ற அ. கோவிந்தசாமி வேறொரு வழியில் நடந்து தி.மு.க.வில் சேர்ந்தார், 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் வேளாண் அமைச்சரானார். உதயசூரியன் சின்னம் அவரிடமிருந்தே கழகத்துக்கு வந்ததென்று கழகத்தார் பெருமையோடு கூறுவர். மாநிலமெங்கும் சுவர்தோறும் எழுதப்பட்ட ஒரு சின்னத்தின் வேர் எங்கள் மாவட்டத்துக் கரும்புக் கொல்லையில் இருப்பதை எத்துணைப் பேர் அறிவர்? படையாட்சியாரையும் கோவிந்தசாமியையும் ஒருங்கே வைத்து, ஒரே மனக்குறை இரு வழிகளில் பயணம் செய்த வரலாற்றைத் தமிழில் யாரேனும் விரிவாக எழுதியிருத்தல் வேண்டும். அதனை ஒரு பகுதியாகவேனும் ஆராய்ந்து 1967இல் வெளியிட்டவர்கள் அமெரிக்கரான ருடால்ஃப் தம்பதியர். நாம் என்ன செய்தோம்? 1993இல் தென்னார்க்காட்டைப் பிரித்து, ஒரு பாதிக்கு விழுப்புரம் இராமசாமிப் படையாட்சியார் மாவட்டம் என்று பெயரிட்டோம். 1997இல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர் பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டோம். பெயரிடுவதும் பெயர் நீக்குவதும் அரசாணை ஒன்றால் முடிந்துவிடும். வரலாறு எழுதுவதற்கு அது ஈடாகாது.

அண்மையில் நிலை சற்று மாறியுள்ளது என்பதையும் சொல்லவேண்டும். ஆர். முத்துக்குமார் போன்றோர் கட்சி அலுவலகத்துக்கு வெளியே நின்று, நாளேடுகளையும் நூல்களையும் ஒப்பிட்டுத் தமிழக அரசியல் வரலாற்றைத் தமிழில் எழுதியுள்ளனர். எளிய நடை; நிகழ்ச்சிகள் ஒழுங்காகத் தொடர்கின்றன. ஆனால் அவையும் பெரும்பாலும் கோட்டையைச் சுற்றியே நிற்கின்றன. நான் சொல்வது செஞ்சிக் கோட்டையன்று, சென்னைக் கோட்டை. எவர் எவரோடு கூட்டுச் சேர்ந்தார் என்பது தெரிகிறது. கூட்டுச் சேர்ந்த இரவில் சேரியில் என்ன நடந்தது என்பது தெரியவில்லை.

சேரியில் நடந்தவற்றுள் இரண்டை மட்டும் குறிப்பிடுவேன். 1968ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் இரவு, நம் ஆலயங்களில் பிறப்பின் பாடல்கள் ஓய்ந்த வேளையில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட பள்ளர் பறையர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். ஏழைகளின் ஆட்சி என்று நாடு வரவேற்ற ஆட்சி அப்போது இரண்டாம் ஆண்டில் இருந்தது. 1978ஆம் ஆண்டு சூலையில், இங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள விழுப்புரத்தில், ஒரு கடைத்தெருப் பூசலைத் தொடர்ந்து பெரிய பறைச்சேரியைச் சேர்ந்த 12 பேர் கொல்லப்பட்டனர். ஏழைகளின் நாயகன் என்று புகழப்பெற்றவர் அப்போது முதலமைச்சர். இவ்விரு முதலமைச்சர்களின் இரக்கவுணர்வை நான் ஐயுறவில்லை. அவர்களைப் பற்றிய வரலாறுகளில் இவ்விரு நிகழ்ச்சிகளும் எத்தனை வரிகள் பெறுகின்றன என்பதை மாணவர் தாமே எண்ணிப் பார்க்கட்டும். 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் நடத்திய சாலை மறியலில் உயிரிழந்த 21 பேருக்கு அரசு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. அப்போராட்டத்தின் பின், 1989இல், மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 20 விழுக்காடு கிடைத்தது. அவர்களை நினைப்பது தகும். விழுப்புரத்தின் பன்னிருவருக்கு என்ன உண்டு என்று கேட்பதும் தகும். ரிஸ்பாள் காத்திருந்தது தன் பிள்ளைகளின் உடல்களுக்கு மட்டுமன்று. எழுவரில் ஐவர் அவள் வயிற்றில் பிறந்தவர் அல்லர்.

இவ்வளவும் எழுதியதால், அரசியல் என்பது சாக்கடை, அதில் கால்வைப்பது விசுவாசிக்குத் தகாது என்னும் நம் பழைய பிரசங்கத்தை நான் மீண்டும் வாசிப்பதாக எவரும் கொள்ள வேண்டா. அப்பிரசங்கத்தின்மேல் எனக்கு மதிப்பில்லை. நம் சபைப்பிள்ளைகள் உண்ட மதிய உணவு காமராசரின் ஆட்சியிலும், சத்துணவு 1982இல் எம்.ஜி.ஆரின் ஆட்சியிலும் வந்தவை. நம் இளைஞர் பலர் கல்லூரிக்குள் நுழைந்தது இடஒதுக்கீட்டால். செருப்புடன் தெருவில் நடக்க அஞ்சிய ஒரு கிழவர், கட்சிக் கொடி பிடித்த நாளில்தான் முதன்முதலாகச் செருப்பு அணிந்ததாக என்னிடம் கூறியிருக்கிறார். புகழ்ப்பாடலுக்குப் பின்னே இத்தகைய உண்மைகள் நிற்கின்றன. அதனால்தான் அப்பாடல் சாகவில்லை. மேலும், நம் பேராயத் தேர்தல்களை அறிந்தோர் அரசியல்வாதிகளை நோக்கி விரல் நீட்டுமுன் சற்றுத் தயங்குவர் என்றே எண்ணுகிறேன். அங்கேயும் அணிகள் உண்டு, வேனில் வாக்காளரை ஏற்றிச் செல்வது உண்டு, தோற்றவர்மீது வசையும் வென்றவர்க்குப் பொன்னாடையும் உண்டு. நம் சபைச் சரித்திரங்களும் பெரும்பாலும் வில்லின் பாட்டுகளே. நூற்றாண்டு விழா மலர்களை எடுத்துப் பாருங்கள். மிஷனெரிமார், ஆயர்கள், ஆலயக் கட்டடங்கள். ஆலயத்திற்குக் கல் சுமந்தவர்களின் கூலி விவரம் எந்த மலரிலும் இல்லை.

என்னையே இதற்குச் சான்றாக நிறுத்திவிட்டு முடிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு குருசேகரத்தில் ஊழியம் செய்த காலத்தில், சபை மூப்பர் ஒருவர் இறந்தார். ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பிலும் இருந்தவர். அடக்க ஆராதனைக்கு முந்நூறு பேர் வந்திருந்தனர். வாசலில் கொடிகள், உள்ளே மாலைகள். ஆலயத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பித் தந்தவர், ஏழை மாணவர்க்குக் கட்டணம் கட்டியவர் என்று பேசினேன். பேசியதில் பொய்யொன்றும் இல்லை. 2 சாமுவேல் முதலாம் அதிகாரத்தையே வசனமாக எடுத்திருந்தேன்; பலர் கண்ணீர் வடித்தனர்; கட்சித் தலைவர் ஒருவர் என் கையைப் பற்றி, இப்படி ஒரு பேச்சை எங்கள் மேடையிலும் கேட்டதில்லை என்றார். அன்று அதனைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாலை, சபையைச் சேர்ந்த ஒரு விதவைத் தாய் குருமனைக்கு வந்து வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "ஐயரே, அவரு செஞ்ச நல்லதையெல்லாம் சொன்னீங்க. எல்லாம் நெசந்தான். எம் புருசன் செத்த வருசம் ஏரிக்கரையில எங்களுக்கிருந்த அரை ஏக்கரு எப்படி அவரு பேருக்குப் போச்சுன்னு எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்குதா?" என்று கேட்டார். இல்லை அம்மா என்றேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பழைய பட்டா நகலை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதனை வாங்கி, சபைப் பதிவேடுகள் இருக்கும் அலமாரியில், ஞானஸ்நானப் பதிவேட்டுக்கும் அடக்கப் பதிவேட்டுக்கும் இடையே வைத்தேன். மாற்றலாகி வரும்போது அடுத்த ஆயரிடம் அலமாரிச் சாவியை ஒப்படைத்தேன். அந்தத் தாளைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் கூறவில்லை.